பூட்டி வைத்த பூனை

"பூனைய கொல்லைப்பக்கத்து ரூம்ல போட்டுப் பூட்டிட்டேன். யாரும் தொறக்காதீங்க," என்றார் அப்பாதுரை.

போன மாதம் மகள் வேதாவைப் பெண் பார்க்க வந்த வேலூர் மாப்பிள்ளையின் கையை அது பிறாண்டிவிட்டது. அந்தச் சம்பந்தம் அதோடு நின்றுபோனது. பூனைதான் கெடுத்தது என்று அப்பாதுரை முடிவே கட்டியிருந்தார்.

இன்று வந்திருந்தவர் கீழ்பென்னாத்தூர் மாப்பிள்ளை. வேதா காபி கொடுத்துவிட்டு உள்ளே போனாள். சற்று நேரத்தில் பூனை கூடத்துக்கு வந்து மாப்பிள்ளையின் மடியில் ஏறிக்கொண்டது. அப்பாதுரை பதறி எழப்போனார்.

மாப்பிள்ளை அதன் தாடைக்குக் கீழே மெல்லத் தடவினார். அது கண்ணை மூடிக்கொண்டது. பிறகு வால் நுனி வெடுக்கென்று ஆடியதும் கையை எடுத்துவிட்டார்.

"போதும்ங்குது," என்று சிரித்தார்.

அவர்கள் கிளம்பியதும் அப்பாதுரை சமையலறைக்கு வந்தார்.

"அவங்களுக்கு சம்மதமாம். நல்லவேளை, பூனை ஒண்ணும் பண்ணல. யாரு தொறந்துவிட்டது?"

"நான்தாம்ப்பா," என்றாள் வேதா.

"போன தடவ பட்டது போதாதா?"

"போன தடவயும் நான்தான் விட்டேன். அது வாலை அடிச்சு அடிச்சு விடச் சொல்லுது. வேலூர்க்காரரு விடாம அமுக்கிப் புடிச்சாரு. வேணாம்னு சொல்லி அனுப்பச் சொன்னது நான்தான், அம்மாவ கேளுங்க."

அப்பாதுரை மனைவியைப் பார்த்தார். அவள் தலையாட்டினாள்.

"பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமான்னு அவங்க என்னைக் கேக்கலாம். நான் எதைக் கேக்க முடியும்?" என்ற வேதா, காபி டம்ளர்களைக் கழுவத் தொடங்கினாள். "இவருக்கு சரின்னு சொல்லிடுங்கப்பா."