மூன்று முறை திரும்பிய கட்டுரை

"இன்னிக்கு எல்லார் முன்னாடியும் கேட்டுடப் போறேன். முப்பது வருஷமா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது."

மேசை இழுப்பறையைக் காலி செய்துகொண்டே பேராசிரியர் சொன்னார். அன்று அவருக்குப் பணி ஓய்வு. கீழே கூடத்தில் விழாவுக்கு நாற்காலி இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"யாரைக் கேக்கப் போறீங்க?" அலமாரியிலிருந்து புத்தகங்களை இறக்கிக்கொண்டிருந்த மனைவி திரும்பினாள்.

"கோட்டானைத்தான். விழாவுக்கு வர்றானாமே!"

கோட்டான் என்பது இன்னொரு இயற்பியல் பேராசிரியருக்கு, அவருடைய வட்டக் கண்ணாடியைப் பார்த்து இவர் வைத்த பெயர். நியூட்ரான் நட்சத்திரங்களின் அசுரத்தனமான காந்தப் பிடியில் அணுக்கள் என்ன பாடு படும் என்பதுதான் இருவருடைய ஆராய்ச்சியும்.

"அவர் என்ன பண்ணார், பாவம்?"

"என் கட்டுரையை மூணு தடவை திருப்பி அனுப்பின ரெஃபரி வேற யாரு? அவன்தான்!"

மனைவி சிரித்துவிட்டாள். ஆய்விதழுக்கு ஒரு கட்டுரை போனால், அதை அச்சிடலாமா என்று கேட்டு ஒரு நிபுணரிடம் கொடுப்பார்கள். அந்த ரெஃபரி யாரென்று எழுதியவருக்குச் சொல்லவே மாட்டார்கள். முகம் தெரியாத அந்த ஆள் அவர்கள் குடும்பத்தில் ஒருவர் மாதிரி ஆகிவிட்டார். மகள் சின்னவளாக இருந்தபோது கணக்கைத் திரும்பப் போடச் சொன்னால், "அப்பா, ரெஃபரி மாதிரி பண்ணாதீங்க!" என்று காலை உதைத்துக்கொண்டு அழுவாள்.

"அந்தக் காந்தத்துல அணு ஊசி மாதிரி ஒடுங்கிடும். அப்படி ரெண்டு ஊசி மோதிக்கிட்டா என்ன ஆகும்னு உக்காந்து கணக்குப் போட்டேன். அதுக்கு அந்த ஆளு என்ன எழுதினான்? 'அணுக்கருவை ஆணி அடித்து நிறுத்திவிட்டுக் கணக்குப் போட்டிருக்கிறார். நட்சத்திரத்தில் ஆணி அடிக்க யாரும் இல்லை.' நக்கலைப் பாரு!"

"தப்பா ஒண்ணும் சொல்லலையே. அந்த இடத்துல நிக்கிற அணு வேற, ஓடுற அணு வேற. ஓடவே விடாம கணக்குப் போட்டா விடை எப்படி வரும்?"

"வந்துட்டாய்யா ரெஃபரிக்கு வக்கீல்!"

அவளும் இதே நிறுவனத்தில், கீழ்த்தளத்து ஆய்வுக்கூடத்தில், அணுக்களை மோதவிட்டு அளந்துகொண்டிருந்தவள்தான். அவர் ரெஃபரியைத் திட்டினால் போதும், அவளுக்கு மூக்கு சிவந்துவிடும். கை தானாகக் காற்றில் அணுவை வரைய ஆரம்பித்துவிடும்.

அவர் கரும்பலகையைத் துடைக்கப் போனார். மனம் வராமல் டஸ்டரைக் கீழே வைத்தார்.

"நான் சேர்ந்த புதுசுல இந்தத் தரையே அதிரும், ஞாபகம் இருக்கா?"

"எங்க லேப் வாக்குவம் பம்ப்புதான். நிறுத்தச் சொல்லிச் சண்டைக்கு வந்தீங்களே!"

"சண்டைக்குன்னுதான் வந்தேன். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே உக்காந்துட்டேன்."

"மறுநாளும் வந்தீங்க. பம்ப் ஓடவே இல்ல, அப்பவும் சத்தம்னு வந்தீங்க."

இருவரும் சிரித்தார்கள். ஜன்னல் வழியாக வந்த வெயில், காலியான அலமாரித் தட்டுகளில் விழுந்திருந்தது. புத்தகங்கள் இருந்த இடம் மட்டும் பழைய பச்சை நிறத்திலேயே இருந்தது.

சட்டென்று அவர் முகம் மாறியது. "எல்லாம் சரி. அந்தக் கட்டுரை ரெண்டு வருஷம் இழுத்ததாலதானே பெரிய நிறுவனத்து வேலை கைநழுவிப் போச்சு? இந்தச் சின்ன ஊருக்கு வந்து சேர்ந்தேன். இன்னிக்கு மைக்கைப் பிடிச்சுக் கோட்டானைக் கேக்காம விடப்போறதில்ல."

கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

அவள் கையிலிருந்த புத்தகத்தைக் கீழே வைத்துவிட்டுப் பின்னாலேயே ஓடினாள். கோட்டானுக்குப் போன மாதம்தான் இதய அறுவைச் சிகிச்சை நடந்திருந்தது. உடம்பு முடியாத நிலையிலும், இவரை வாழ்த்த ரயிலேறி வருகிறார் அந்த மனிதர்.

"நில்லுங்க. அவரைக் கேக்காதீங்க. அவர் இல்ல."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"ஏன்னா… அது நான்தான்."

அவர் கதவில் கை வைத்தபடியே நின்றார்.

"பேரைச் சொல்லக் கூடாதுன்னு விதி," என்றாள் அவள். "கல்யாணத்துக்கு அப்புறமாவது சொல்லிடலாம்னு பார்த்தேன். ஆனா நீங்க, அந்த ஆளாலதான் என் வேலை போச்சு, வேலை போச்சுன்னு சொல்லிட்டே இருந்தீங்க. எந்த முகத்தை வெச்சுக்கிட்டு நான் சொல்றது?"

அவர் திரும்பி வந்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பிறகு கடகடவென்று சிரித்தார்.

"அப்பாடா! உன் வாயைத் திறக்க வைக்க நான் ரிட்டயர் ஆக வேண்டியிருக்கு."

"உங்களுக்கு… தெரியுமா?"

"மூணாவது தடவை திருப்பி அனுப்பும்போது, 'காந்தம் இல்லாத இடத்தில் உங்கள் கணக்கு இந்த எண்ணைத் தருகிறதா பாருங்கள்'னு ஒரு எண் எழுதியிருந்தியே, அது அப்ப எந்தப் புத்தகத்துலயும் கிடையாது. ஆறு மாசம் கழிச்சு, நீ லேப்ல அளந்த எண்ணா உன் கட்டுரையிலதான் முதமுதல்ல வந்துது."

"அப்ப ஏன் இத்தனை வருஷமா திட்டித் தீர்த்தீங்க?"

"திட்டினாத்தானே நீ வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவ? அதைப் பார்க்கத்தான்."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஆனா அந்தப் பெரிய வேலை என்னாலதானே போச்சு?"

"போச்சுன்னு யாரு சொன்னா? ரெண்டு தடவை கூப்பிட்டாங்க. உன் கட்டுரைக்குக் கீழ இந்த ஊர் விலாசத்தைப் பார்த்துட்டு, நான்தான் வரலைன்னு எழுதிட்டேன்."