பதினான்காவது பெயர்

"மேடம், தயவுசெஞ்சு லைனை மட்டும் கட் பண்ணிடாதீங்க. நாலு மணி நேரமா காத்துக்கிட்டிருக்கேன்."

அவன் பெயரைச் சொல்லும் முன்பே அவளுக்குக் குரல் தெரிந்துவிட்டது.

ராண்டி கெல்சோ. மார்ச் மாதம் வரை அவளுடைய மேலாளர்.

அவனுக்கு அவள் குரல் தெரியவில்லை. விடுதியின் சலவை அறையில் இருந்த பதினோரு வருடத்தில், அவன் முன்னால் "சரி சார்" என்பதைத் தவிர அவள் அதிகம் பேசியதில்லை.

தெரிந்தவர் யாராவது அழைத்தால் உடனே வேறு ஆளுக்கு மாற்றிவிட வேண்டும். வேலையிழப்பு உதவித்தொகை அலுவலகத்தில் சேர்ந்த முதல் நாளே சொன்ன விதி அது. மாற்றும் பொத்தான் திரையின் ஓரத்தில் இருந்தது.

அவள் அதைத் தொடவில்லை.

"சொல்லுங்க சார். எத்தனை வாரமா பணம் வரலை?"

"ஒன்பது வாரம் மேடம். எப்பப் பார்த்தாலும் 'பரிசீலனையில் உள்ளது'ன்னே காட்டுது. பைத்தியம் பிடிக்குது."

அவனுடைய கோப்பைத் திறந்தாள். பணம் நிறுத்தப்பட்ட காரணத்துக்கு எதிரே ஒரே வரி: தானாக வேலையை விட்டு விலகினார்.

தன் பக்கத்து ஒலியை அணைத்துவிட்டு, சமையலறை மேசையில் தனியாக உட்கார்ந்து சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

நோய்த்தொற்றுக்காக விடுதியை மூடிய அன்று, ராண்டி ஒரு காகிதக் கட்டோடு சலவை அறைக்கு வந்தான். துணி உலர்த்தும் இயந்திரத்தின் மேல் அதை வைத்து, எல்லோரையும் கையெழுத்துப் போடச் சொன்னான். அவள் படிப்பதற்குக் கண்ணாடியைத் தேடினாள்.

"என்னம்மா, நீ என்ன வக்கீலா? லீவு ஃபாரம்தான், போடு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே போட்டாள்.

அது ராஜினாமாக் கடிதம். ஆட்களை நிறுத்தினால் முதலாளிக்கு வரி கூடும். அவர்களாகவே விலகினால் வரி ஏறாது; அவர்களுக்கு உதவித்தொகையும் கிடையாது.

பிறகு பதிமூன்று வாரம் உதவித்தொகைக்காக அலைந்தாள். காலை எட்டு மணிக்கு அலுவலகத்தின் ஃபோன் லைன் திறக்கும். ஒரே நிமிடத்தில் நிரம்பிவிடும். அவள் காரை விற்றாள். தேவாலய மைதானத்தில் உணவுப் பெட்டி கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்தே போய், கார்களின் வரிசையில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே நின்றாள். காரில் வருகிறவர்களுக்கு மட்டும்தான் என்று முகக்கவசம் போட்ட ஒரு பெண் இனிமையாகச் சொன்னாள். பின்னால் நின்றவன் ஹாரன் அடித்தான்.

அழைப்புகளைச் சமாளிக்க முடியாமல் அலுவலகம் புதிதாக ஆள் எடுத்தபோது, வீட்டிலிருந்தே செய்யும் இந்த வேலை கிடைத்தது. அவளுடைய மனு மட்டும் இன்னும் அப்படியே கிடந்தது. சொந்தக் கோப்பை அவள் திறக்கக் கூடாது.

ஒலியைத் திறந்தாள்.

"நீங்களாத்தான் விலகினதா இருக்கே சார்."

"இல்லவே இல்ல மேடம்! முதலாளி ஏமாத்திட்டாரு. ஜூன் மாசம் என்கிட்டயும் ஒரு பேப்பர்ல கையெழுத்து வாங்கிட்டாரு."

"உங்ககிட்டயும்னா? வேற யார்கிட்ட வாங்கினாங்க?"

"அது எதுக்கு மேடம்?"

"சொன்னா உங்க கேஸுக்குப் பலம்," என்றாள். அது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

"வேலை செஞ்ச எல்லார்கிட்டயும்தான் மேடம். ராஜினாமான்னு சொல்லாமலே வாங்கினது."

"வாங்கினது யாரு?"

"நான்தான். அவரு வாங்குன்னாரு, வாங்கினேன். நான் என்ன பண்ண முடியும்?"

"ஒவ்வொரு பேரா சொல்லுங்க சார். எழுதிக்கிறேன்."

எல்லா அழைப்புகளும் பதிவாகும். தொடக்கத்திலேயே அறிவிப்பு ஒன்று வரும். யாரும் அதைக் காதில் வாங்குவதில்லை.

அவன் சொல்லச் சொல்ல அவள் தட்டினாள். ஒடெஸா. டார்னெல். சமையலறை லுப்பே. வரவேற்பில் இருந்த மெரிடித்தின் பெயரை நடுப்பெயரோடு சேர்த்துச் சொன்னான். பதிமூன்று பெயர்கள் வந்தன.

"சலவைல இன்னொருத்தி இருந்தா மேடம். எப்பவும் எதையாவது முணுமுணுத்துக்கிட்டே துணி மடிப்பா. ரொம்ப வருஷம் இருந்தா. பேரு வாய்ல வரமாட்டேங்குது. விடுங்க, பதிமூணு போதும்ல?"

போதும். அவன் மாட்டிக்கொள்ளப் பதிமூன்றே அதிகம்.

பதினான்காவதை எழுதினால், இந்த அழைப்பை ஏன் மாற்றவில்லை என்று கேட்பார்கள். பிறகு, அந்த வார வெள்ளிக்கிழமை, கேட்கவும் கேட்டார்கள். அன்றைக்கே வேலையை விட்டு நீக்கி, அலுவலக லேப்டாப்பைத் திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டார்கள்.

ஆனால் அந்த நிமிடத்தில், அந்த ஒரு பெயர் விடுபட்டுப் போவதை அவளால் தாங்க முடியவில்லை.

"யூலா ப்ரூவிட்," என்றாள்.

"அவளேதான் மேடம்! உங்களுக்கு எப்படி..."



அவள் அவசரப்படவில்லை. பெயரை முழுதாகத் தட்டி, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்தாள்.

"யூலா," என்றான் கடைசியில். குரல் உள்ளே போயிருந்தது. "யூலாம்மா... என் பணம் எப்ப வரும்?"

"அவங்க பதினாலு பேர் மனுவும் இப்பவே மேல போகுது சார். கையெழுத்து வாங்கினவரோட ஃபைல் மோசடிப் பிரிவுக்குப் போகும்."

"அங்க நான் யாரைக் கேக்கறது? ஒரு நம்பராவது குடு."

"அந்தப் பிரிவுக்கு ஃபோன் கிடையாது சார்."