ஆய்வுக்கு வந்தவரின் செருப்பு

தெருவில் கிடந்தவர்களை மீட்டுப் பராமரிக்கும் போத்தனூர் மனநலக் காப்பகத்துக்கு இன்னும் ஒரு வருடம் அரசு நிதி கொடுக்கலாமா என்று பார்க்க வந்திருந்தார் அதிகாரி பெனடிக்ட். வாசலில் செருப்பைக் கழற்றித் தன் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"வெளியவே உடுங்க சார், யாரும் எடுக்க மாட்டாங்க" என்றாள் காப்பகத்தைக் கவனித்துக்கொள்ளும் மெர்சி.

"இருக்கட்டுங்க."

தெருவில் கிடந்தவர்களென்றால் திருடர்களா? மெர்சிக்குச் சுருக்கென்றது. இவரா நிதி தரப்போகிறார்!

உள்ளே போனதும் ஒரு தலையணையைத் தூக்கிப் பார்த்தார். அடியில் ஒரு ஜோடிச் செருப்பு. அடுத்த தலையணைக்கு அடியிலும் அப்படியே.

"சுத்தமில்லைன்னு எழுதிராதீங்க சார். பிளாட்பாரத்துல படுத்தவங்க. களவு போயிரும்னு தலைக்கு வெச்சே பழகிட்டாங்க."

"தெரியுமுங்க. நானும் மூணு வருஷம் மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தவன்தான். வேலைக்கு வந்து பத்து வருஷமாச்சு, இன்னும் வெளிய உட மனசு வரலீங்க. ஒரு வருஷத்துல போற பயமா இது? அஞ்சு வருஷத்துக்கு நிதி கேட்டு எழுதறேன்."



அவர் வாசலுக்குப் போய், மெர்சியின் செருப்புக்குப் பக்கத்தில் தன்னுடையதைப் பையிலிருந்து எடுத்து வைத்தார். உள்ளே இரண்டடி நடந்ததும் திரும்பிப் பார்த்தார்.

"யாரும் எடுக்க மாட்டாங்கல்லீங்க?"