ஒண்ணு மேல ஒண்ணு

"இப்பத்தான்டா அடுக்கி முடிச்சுது. சிவப்பு எப்படி வந்திருக்கு தெரியுமா? ஓரத்துல மட்டும் லேசா ஊதா. நடுவுல நாலு நட்சத்திரம், கம்மல்ல கல்லு வெச்ச மாதிரி."

சக்கரபாணி இப்படி வர்ணித்துக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் திரையில் ஒன்றுமே இல்லை. கன்னங்கரேலென்று இருந்தது. அதை அவர் ஆன் பண்ணவே இல்லை. பண்ணினாலும் ஆகாது.

பக்கத்து நாற்காலியில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்த பாலகுருவுக்கு இரண்டு வருஷமாகப் பார்வை கிடையாது.

அறை வாசலில் நின்ற அஞ்சலாட்சிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பொய் சொல்வதற்கும் ஆள் பார்க்க வேண்டாமா? கட்டின புருஷன்தான், அதற்காக இதையெல்லாமா பார்த்துக்கொண்டு நிற்பது?

சக்கரபாணிக்கு வானத்தைப் படம் பிடிக்கிற பைத்தியம். மூலக்குளத்து வீட்டு மொட்டைமாடியில் கேமராவை நிறுத்தி, ஒரே இடத்தை நூற்றுக்கணக்கில் எடுப்பார். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் புள்ளி புள்ளியாக, ஒன்றுக்கும் உதவாது. கம்ப்யூட்டரில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் புள்ளியெல்லாம் போய், உள்ளே ஒளிந்திருந்த நிறம் மெல்ல மேலே வரும். அடுக்கி முடிக்கிற வரைக்கும் அந்தப் பெட்டி போடுகிற இரைச்சலில் டி.வி. சீரியல்கூடக் காதில் விழாது என்பது அஞ்சலாட்சியின் நெடுநாள் புகார்.

ஞாயிற்றுக்கிழமை மதியமானால் பாலகுரு தவளக்குப்பத்திலிருந்து மருமகன் பைக்கில் வந்து இறங்கிவிடுவார். "பொன்ழூர் முசே!" என்று வாசலிலேயே குரல் கேட்கும். பள்ளிக்கூடத்தில் படித்த பிரெஞ்சில் மிச்சம் இருப்பது அவ்வளவுதான்.

"என் கண்ணைப் புடுங்கினதும் சர்க்கரை, இப்ப எனக்குக் கண்ணா இருக்கறதும் சக்கரை" என்பார். முதலாவது வியாதி. இரண்டாவது சக்கரபாணி.

போன மாசம் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்டது. கடைக்காரர் கழற்றிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் டிஸ்க் போயிடுச்சு சார், ஒரு படமும் தேறாது" என்று கையை விரித்துவிட்டார். இத்தனை வருஷத்துப் படமும் போச்சு. புதுசு வாங்கலாமே என்று அஞ்சலாட்சி கேட்டதற்கு, "இனிமே என்னாத்துக்கு?" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார் மனுஷன்.

ஆனால் அந்த ஞாயிறு பாலகுரு வந்ததும், செத்த திரைக்கு முன்னால் உட்கார்ந்து மவுஸைத் தட்டிக்கொண்டு கதை அளக்க ஆரம்பித்தார். இன்றோடு மூன்றாவது வாரம்.

"டேய் சக்கரை, வால் நட்சத்திரம் வந்த வருஷம் ஞாபகம் இருக்கா?" என்றார் பாலகுரு. "விடியறதுக்கு முன்னாடி சைக்கிள்ல டபுள்ஸ் அடிச்சுக்கிட்டு பீச்சுக்குப் போனோமே. யாரோ டெலஸ்கோப் வெச்சிருந்தாங்க. உனக்கு எட்டல. நான்தான் இடுப்பைப் புடிச்சுத் தூக்கினேன்."

"உன் முறை வரசொல்ல மேகம் வந்து மூடிக்கிச்சு. அதுக்குத்தான் வழி பூரா சொல்லிக்கிட்டே வந்தேனே!"

"ஆமாம்டா. வீடு வந்து சேரசொல்ல நானே பாத்த மாதிரி ஆயிடுச்சு."

இரண்டு பேரும் அரை டிராயர் பையன்களாகவே சிரித்தார்கள். அஞ்சலாட்சிக்குக்கூட மனசு இளகியது. அப்புறம் அந்தக் கறுப்புத் திரை கண்ணில் பட்டது.

புருஷனைச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

"கண்ணு தெரியாத மனுசனை இப்படி ஏமாத்தறீங்களே, உங்களுக்கே நல்லாருக்கா? எல்லாம் போச்சுன்னு சொல்லிடுங்க."

"சொன்னா அப்புறம் எதுக்குடி வருவான்?" சக்கரபாணியின் குரல் இறங்கியது. "வீட்டுல ஒரு மூலையில உக்காந்துடுவான். வெளிய வர அவனுக்கு இது ஒண்ணுதான் சாக்கு."

"என்னிக்காவது அவராவே தெரிஞ்சுக்கிட்டா உங்க மூஞ்சில முழிப்பாரா? நாப்பது வருஷ சிநேகிதம். நீங்க சொல்லலைன்னா நான் சொல்லிடுவேன்."

தூறல் விழுந்தது. "வேணாம் அஞ்சலை" என்று கெஞ்சிவிட்டு, காய்ந்த துணியை எடுக்க மாடிக்கு ஓடினார் சக்கரபாணி.

அஞ்சலாட்சி காபி டம்ளரைப் பாலகுருவின் கையில் பிடித்துக் கொடுத்தாள்.

"அண்ணே, ஒண்ணு சொல்லணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"பொட்டி ஓடலைங்கறதுதானேம்மா?"

அஞ்சலாட்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"படம் அடுக்கசொல்ல அது போடற சத்தம் தெருமுனை வரைக்கும் கேக்கும். மூணு வாரமா மூச்சுப் பேச்சு இல்ல. வெறும் மவுஸுதான் டிக்கு டிக்குங்குது."

"தெரிஞ்சுமாண்ணே தலையாட்டிக்கிட்டு உக்காந்திருந்தீங்க?"

பாலகுரு காபியை ஊதினார். "அன்னிக்கு நான் வந்து எறங்கசொல்ல அவன் குரல்ல உசுரே இல்ல தங்கச்சி. படத்தைப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சப்புறம்தான் பழைய சக்கரை ஆனான். நானும் வரலைன்னா அவன் யாருகிட்ட போய்ச் சொல்லுவான்?"

அஞ்சலாட்சிக்குக் கண் கலங்கிவிட்டது. மாடிப்படியில் சக்கரபாணி இறங்கி வரும் செருப்புச் சத்தம் கேட்டது. பாலகுரு அவசரமாகக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு ஒத்தாசை பண்ணும்மா. அடுத்த வாரம் நான் வரசொல்ல, அந்தப் பொட்டிக்குப் பக்கத்துல ஒரு பழைய டேபிள் ஃபேனைப் போட்டு வை. சத்தம் இல்லாதது எனக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு அவனுக்குச் சந்தேகம் வந்துடப் போவுது!"