லேபிள் இல்லாத பாட்டில்

“அக்கா, கொஞ்சம் கீழ வாங்களேன்! உணவுப் பாதுகாப்பு ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்க!”

ஓரகத்தியின் குரலில் பதற்றத்தைக் கேட்டதும் மூத்தவளுக்கு வயிறு குளிர்ந்தது. பெயர் சொல்லாமல் போன் போட்டு, “இந்த விலாசத்துல பதிவு இல்லாம ஜாம் செஞ்சு விக்கறாங்க” என்று போட்டுக்கொடுத்தவளே அவள்தான்.

பின்னே என்ன? நேற்று வாக்கப்பட்டு வந்த சின்னவள் வாசலில் போர்டு மாட்டுவாளாம், லேபிளில் தன் பெயரைப் போட்டுக்கொள்வாளாம், அதைக் கொழுந்தன் ஊரெல்லாம் தம்பட்டம் அடிப்பானாம். போர்டு ஏறிய நாளிலிருந்து மூத்தவள் கீழ்வீட்டுச் சமையலறையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது துக்கம் விசாரிக்க வந்தவள்போல முகத்தை வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

அதிகாரி அம்மாள் ஜன்னல் வலையைத் தட்டிப் பார்த்தார். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டார். கதவுக்குப் பின்னால், கண்ணாடிச் சட்டத்துக்குள் பதிவுச் சான்றிதழ் தொங்கியது.

“எல்லாம் சரியா இருக்கு. சுத்தமா வெச்சிருக்கீங்கம்மா.”

மூத்தவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நல்லாப் பாருங்க மேடம். வெளிப்பார்வைக்கு எல்லாமே பளபளன்னுதான் இருக்கும்.”

“பாத்துட்டேம்மா” என்ற அதிகாரி, பையிலிருந்து லேபிள் இல்லாத ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். “இதுவும் ஜாம்தான். முக்குக் கடையில வாங்கினேன். உங்க ஜாமைவிட இதைத்தான் தேடி வந்து வாங்கறாங்களாம். யார் செய்யறதுன்னு கேட்டா கடைக்காரர் வாயே திறக்க மாட்டேங்கறார். உங்களுக்குத் தெரியுமா?”

பாட்டிலைப் பார்த்த இளையவளின் முகம் வெளுத்தது.

“தெ... தெரியலையே மேடம்.”

சொல்லிக்கொண்டே, முந்தானை மறைவில் மூத்தவளின் கையைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினாள்.

வயிற்றெரிச்சலைப் பார், என்று நினைத்தாள் மூத்தவள். அடுத்தவளை ஒரு வார்த்தை புகழ்ந்தால் பொறுக்கவில்லை. வாயை வேறு அடைக்கப் பார்க்கிறாள்!

கையை உதறினாள்.

“அவளுக்கு எப்படித் தெரியும்? நான் செஞ்சது மேடம் அது! மாடியில, என் அடுப்புல, என் கையால கிண்டினது. இவளை மாதிரி போர்டு, லேபிள், சான்றிதழ்னு எனக்கு எந்த ஆர்ப்பாட்டமும் கிடையாது. ருசிதான் பேசும்!”

“ஐயோ, அக்கா...” இளையவள் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

அதிகாரி பேனா மூடியைத் திறந்தார்.

“வாங்கம்மா, மாடிக்குப் போலாம். போன் பண்ணினவங்க பொய் சொல்லல. இந்த விலாசத்துல பதிவு இல்லாமதான் ஜாம் செஞ்சு விக்கறாங்க.”