திரையின் வலது மூலை

"ஒரே ஒரு கலர் பிரிண்ட்டுதானே சார், அதுக்கா அந்த டிசைனர் அம்மாவை வேலையை விட்டு அனுப்பினீங்க?" என்று கம்ப்யூட்டர் மெக்கானிக் கேட்டிருக்கக் கூடாது.

"ஒண்ணுன்னாலும் திருட்டு திருட்டுதான்யா! ஆபீஸ் பிரிண்டர்ல பொண்ணோட ஸ்கூல் படத்தை அடிக்கறா. கேட்டா 'அவசரம் சார்'ங்கறா. அந்த வேலையெல்லாம் என்கிட்ட நடக்காது."

நடக்காதுதான். மருந்துப் பெட்டிகளுக்கு லேபிள் வடிவமைக்கும் அந்தச் சின்ன அலுவலகத்தில், முதலாளிக்கு ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் 'பத்தரைமாத்து'.

இப்போது பத்தரைமாத்துக்கு வேர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தது.

காலையில்தான் கம்ப்யூட்டரின் மதர்போர்டை மாற்றினார்கள். மாற்றியதிலிருந்து திரையின் வலது மூலையில் 'மென்பொருளை ஆக்டிவேட் செய்யவும்' என்று மங்கலான எழுத்து. மத்தியானம் பெரிய மருந்து கம்பெனியின் அதிகாரி சோதனைக்கு வருகிறார். மென்பொருளுக்கு அசல் லைசென்ஸ் இருந்தால்தான் ஆர்டர். அது கைநழுவினால் அலுவலகத்தை இழுத்து மூட வேண்டியதுதான்.

"அந்த மூலையில ஒரு ஸ்டிக்கர் ஒட்டிடலாமாய்யா?"

"சார், இதென்ன காயமா, பிளாஸ்திரி போட?"

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?"

"மதர்போர்டு மாறினா, இது வேற கம்ப்யூட்டர்னு அது நினைச்சுக்கும். லைசென்ஸ் யார் கணக்குல இருக்கோ அவங்க லாகின் பண்ணி, 'அதே மிஷின்தான், பாகத்தைத்தான் மாத்தினோம்'னு சொன்னா போதும்."

"யார் கணக்குல இருக்கு?"

மெக்கானிக் திரையைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்தார்.

"நீங்க அனுப்பிட்டீங்களே சார், அந்த டிசைனர் அம்மா கணக்குல. ஓ.டி.பி. நம்பரும் அவங்க போனுக்குத்தான் போகும்."

"வேற வழியே இல்லையா?"

"இருக்கு. லைசென்சே வேணாம். நம்ம கையில ஒரு சாவி இருக்கு" என்று கண்ணடித்தார் மெக்கானிக்.

"திருட்டுச் சாவியா? என் ஆபீஸ்லயா?" என்று எகிறிய முதலாளி, கடிகாரத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்தார். "அதிகாரி கண்டுபிடிச்சுடுவாரா?"

"அதுக்குத்தானே சார் வர்றாரு."

வேறு வழியில்லாமல் போனை எடுத்தார். குரலில் தேன் வழிந்தது.

"என்னம்மா, சௌக்கியமா? பொண்ணு நல்லா படிக்கறாளா?"

"சொல்லுங்க சார்."

விஷயத்தைச் சொன்னார். மறுபேச்சில்லை. பாஸ்வேர்டைச் சொன்னார் அந்தப் பெண். போனுக்கு வந்த எண்ணையும் படித்தார். மெக்கானிக் தட்டத் தட்ட, மூலையிலிருந்த எழுத்து மறைந்தது.

கூடவே தேனும் வற்றியது.

முதலாளி ஸ்பீக்கரை அழுத்தினார். ஊழியர்கள் அத்தனை பேரும் கேட்கட்டும்.

"அது சரி, ஆபீஸ் லைசென்ஸை எந்தத் தைரியத்துல உன் பேர்ல போட்டுக்கிட்டே? பிரிண்ட்டோட நிக்கலையா உன் கைவரிசை?"



"ஆபீஸ்ல ஏது சார் லைசென்ஸ்? நீங்க போட்டு வச்சிருந்தது திருட்டு காப்பி. இது என் வீட்டு கம்ப்யூட்டருக்கு நான் வாங்கினது."

"என்ன உளர்றே?"

"போன வருஷம் ஸ்டாஃப் மீட்டிங்ல நேர்மையைப் பத்திப் பேசினீங்க. பின்னாடி அந்தக் கம்ப்யூட்டரை இணைச்சிருந்த பெரிய திரையில 'இது அசல் காப்பி அல்ல'ன்னு வந்து நின்னுச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. உங்க பேச்சை ரசிக்கறாங்கன்னு நினைச்சு நீங்க இன்னும் சத்தமா பேசினீங்க. எனக்கு மனசு கேக்கல சார். அன்னிக்கு சாயங்காலமே என் வீட்டு லைசென்ஸை எடுத்து அங்க போட்டுட்டேன்."

ஸ்பீக்கரை அணைக்கப் பொத்தானைத் தேடிக்கொண்டிருந்தார் முதலாளி. அது அகப்படுவதற்குள் மெக்கானிக் குனிந்து கேட்டுவிட்டார்.

"அப்ப உங்க வீட்டு மிஷின் என்னம்மா ஆச்சு?"

"அதுல அந்த எழுத்து இருக்குண்ணே. இருந்துட்டுப் போகட்டும். நான் வீட்டுல யாருக்கும் நேர்மையைப் பத்திப் பாடம் எடுக்கறதில்லையே!"