பாதியில் நின்ற பாட்டு

எங்க வீட்டு ஸ்பீக்கர்ல மேல் வீட்டு உம்மணாமூஞ்சிக்கு என்ன வேலை? நீங்களே சொல்லுங்க.

அது என் வீட்டுக்காரர், இவரோட ஸ்பீக்கர். நடுவுல ஒரு குழி இருக்கும். பழைய மியூசிக் பிளேயரை அதுல சொருகினாத்தான் பாடும். அந்த பிளேயர் செத்து ரெண்டு வருஷமாச்சு. ஸ்பீக்கர் அலமாரி மேல தூசி படிஞ்சு கிடந்துச்சு.

நாலு மாசத்துக்கு முன்னாடி இவருக்குப் பக்கவாதம். கை கால் ஓரளவு தேறிடுச்சு. பேச்சுதான் வரல. "பழகின பாட்டாப் போடுங்க. பேச்சு வராதவங்களுக்கும் சில சமயம் பாட்டு வரும்"னு பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா சொன்னாங்க.

உடனே ஸ்பீக்கரை இறக்கி, துடைச்சு, ரிப்பேர் கடைக்குத் தூக்கிட்டு ஓடினேன். கடைக்காரத் தம்பி அந்தக் குழிக்குள்ளயே தீப்பெட்டி அளவுல ஒரு ப்ளூடூத்தைச் சொருகிக் கொடுத்தான். "இனிமே உங்க போன்ல இருந்தே பாடும்க்கா."

பாடுச்சு. காலையில ஒரு மணி நேரம், வேலை முடிஞ்சு வந்து ஒரு மணி நேரம், ஒரு வரி விடாம முழுசா போட்டேன். இவர் உதடு அசையும், அவ்வளவுதான். "த..."ன்னு ஆரம்பிச்சாலே தண்ணியோட நிப்பேன். பாவம், அவரை ஏன் கஷ்டப்பட விடணும்?

ஒரு வாரம்கூட ஆகல. மேல் வீட்டுக்காரர் வாசல்ல வந்து நின்னார். அந்த மூஞ்சியில சிரிப்பை இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்ல.

"உங்க வீட்டு ஸ்பீக்கர்..."

"சத்தமா இருக்கு, அதானே சார்? குறைச்சுக்கிறேன்." கதவைச் சாத்திட்டேன்.

ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வந்தார். மறுபடி சாத்தினேன். உடம்பு முடியாத மனுஷன் இருக்கிற வீடு, கொஞ்சமாவது ஈவு இரக்கம் வேண்டாம்?

நேத்து நான் வேலை பார்க்கிற கண்ணாடிக் கடையில கரண்ட் போயிடுச்சு. மூணு மணிக்கே வீட்டுக்கு வந்துட்டேன். கதவைத் திறந்தா, ஸ்பீக்கர் பாடிட்டு இருக்கு! என் போன் என் பையிலதான் இருக்கு.

அடுத்த நொடி பாட்டு பட்டுனு நின்னுச்சு. மறுபடி முதல்ல இருந்து. மறுபடி அதே இடத்துல நின்னுச்சு. இவர் நாற்காலி நுனியில உட்கார்ந்திருக்கார். முகமெல்லாம் சிவந்திருக்கு, உதடு துடிக்குது, கண்ணுல தண்ணி.

என்னைப் பார்த்ததும் கையை மேல தூக்கிக் காட்டினார்.

"மேல் வீட்டு ஆளா? உங்களை வெறுப்பேத்துறானா? நான் பார்த்துக்கிறேன்"னு ஸ்பீக்கரை அணைச்சேன். இவர் என் கையைப் பிடிச்சு இழுத்தார். அவ்வளவு ஆத்திரம் அவருக்குன்னு நினைச்சேன்.

கடைக்காரத் தம்பிக்குப் போன் போட்டேன். "இதுக்குப் பூட்டு கிடையாதுக்கா. உங்க போன் வெளிய போயிட்டா, பக்கத்துல யார் போன்ல ப்ளூடூத்தைப் போட்டாலும் அதுல போய் ஒட்டிக்கும்"னான்.

அப்ப கையும் களவுமா பிடிக்க வேண்டியதுதான்! இன்னைக்கு லீவு போட்டேன். மூணு மணிக்கு ஸ்பீக்கரை மறுபடி போட்டு வச்சு, போன்ல ப்ளூடூத்தை அணைச்சிட்டு, பையைத் தூக்கிட்டு வெளிய போற மாதிரி கிளம்பி, மாடிப்படி வளைவுல நின்னேன்.

கீழ பாட்டு ஆரம்பிச்சுச்சு. ரெண்டு ரெண்டு படியா ஏறினேன். அவர் வீட்டுக் கதவு திறந்தே இருந்துச்சு. கையில போனோட ஜன்னல் ஓரமா நின்னுட்டு இருந்தார்.

"ஏன் சார், பேச முடியாத மனுஷன்கிட்டதான் உங்க வீரத்தைக் காட்டுவீங்களா?"

அவர் பதறிப்போய் உதட்டுல விரலை வச்சார். "ஸ்ஸ்... ஒரு நிமிஷம்மா."

போனை அமுக்கினார். பாட்டு பாதி வரியில நின்னுச்சு.

ஒண்ணுமே கேட்கல. நான் வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

அப்புறம் கீழ் ஜன்னல்ல இருந்து மெதுவா, கரகரன்னு, மீதி வரியை யாரோ பாடினாங்க.

நாலு மாசம் கழிச்சு இவர் குரல்ல வார்த்தை கேட்கிறேன்!

"போன வாரம் ரெண்டே வார்த்தைதான். இன்னைக்கு முழு வரி"ன்னார் உம்மணாமூஞ்சி. சிரிச்சார், சத்தியமா! "முதல் நாள் தெரியாம என் போன் உங்க ஸ்பீக்கர்ல ஒட்டிக்கிச்சும்மா. பயந்துபோய் பாதியில நிறுத்தினேன். அடுத்த வார்த்தை கீழ இருந்து வந்துச்சு. அன்னைக்கிலிருந்து தினமும் நிறுத்தி நிறுத்திப் போடறேன்."

"இதை ஏன் சார் என்கிட்ட சொல்லல?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேனேம்மா. நான் ஒரு வார்த்தை சொல்றதுக்குள்ள மீதியை நீங்களே சொல்லிக் கதவைச் சாத்திட்டீங்க."

சுருக்குனு தைச்சுது. வீட்டுல இவரையும் அப்படித்தானே வாயடைச்சு வச்சிருக்கேன்.

கண்ணைத் துடைச்சுட்டுக் கீழ வந்தேன். இவர் நிமிர்ந்து பார்த்தார்.

"ச..."

சாப்பாடா, சட்டையான்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. பல்லைக் கடிச்சுட்டு, அவர் எதிர்ல தரையில உட்கார்ந்தேன். கடிகாரம் ஓடிட்டே இருக்கு. அவர் திணறினார். நான் வாயைத் திறக்கல.

"சண்... டை... போட்டியா?"ன்னு கேட்டுட்டு, கோணின வாயோட சிரிச்சார்.